எந்தப் பக்கம் ஏறினாள்

“...எறங்குனா, சரி. நீயும் சொல்லிட்ட, அவங்களும் கை தட்டிட்டாங்க. எறங்குனவ எந்தப் பக்கம் ஏறுனா? அத்தச் சொல்லுய்யா!”

செஞ்சிக் கோட்டை வாசலில், புளியமரத்து நிழலிலிருந்து இந்தக் குரல் வந்ததும் கைடு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். சென்னையிலிருந்து வந்த ஒரு கூட்டத்தை நிறுத்திவைத்து, ராஜா போரில் செத்ததையும், அவருடைய இளம் ராணி சிதையில் இறங்கியதையும் உருக்கமாக அவர் சொல்லி முடித்திருந்த நேரம். கேள்வி கேட்டவள் வெள்ளரிக்காய் விற்கிற அக்கா.

“யக்கா, நீ உன் யாவாரத்தப் பாரேன்.”

“யாவாரத்ததான் பாக்கறேன். வர்றவங்களை எல்லாம் அழ வெச்சி உள்ள அனுப்பிச்சிடற. அழுதவன் எவன் வெள்ளரிக்கா துன்னுவான்?”

கூட்டம் சிரித்தது. கைடும் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. கத்தியைக் கையில் பிடித்தபடி கைடின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வராது என்று தெரிந்த பிறகுதான் அடுத்த காயை எடுத்தாள்.

நான் திண்டிவனத்தில் வேன் ஓட்டுகிறவன். கோட்டைக்குச் சவாரி வந்தால் டிரைவருக்குக் காத்திருப்பதுதான் வேலை. மேலே போனவர்கள் கீழே வர அரை நாள் ஆகும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அந்த அரை நாள்கள்தான் படிப்பு. யார் வாயிலிருந்தாவது ஒரு நல்ல பேச்சு விழுந்தால் டேங்க் நிறைய டீசல் போட்ட மாதிரி இருக்கும் எனக்கு. அக்காவிடம் அது விழாத நாளே கிடையாது.

அவள் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் எழுதப் போவதில்லை. அவளே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்: “பேரச் சொன்னா ஆளத் தேடிக்கினு வருவாங்க. பேச்சச் சொன்னா கேட்டுட்டுப் போயிடுவாங்க.”

அவளும் திண்டிவனத்துக்காரிதான். காலையில் திருவண்ணாமலை பஸ்ஸில் கூடையோடு ஏறி, செஞ்சியில் இறங்கி, கோட்டைவரை நடந்துவிடுவாள். நெட்டையான உடம்பு. புடவைக்கு மேலே ஆம்பளைச் சட்டை. கூடை சுமந்து சுமந்து ஒரு தோள் மட்டும் இறங்கியிருக்கும். தலையைத் தோளுக்குச் சாய்த்தே பேசுவதால், நாம் சொல்வதை அவள் நம்பவில்லையோ என்று புது ஆளுக்குத் தோன்றும். பாதி நேரம் அது உண்மையாகவும் இருக்கும்.

வெள்ளரிக்காயை அடி ஒட்டியிருக்க நாலாகக் கீறி, பூ மாதிரி விரித்து, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுப்பாள். ஐப்பசி, கார்த்திகையில் வேகவைத்த மல்லாட்டை, எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். கொய்யா எப்போதும் உண்டு. கூடையைச் சுற்றிக் குரங்குகள். அவற்றுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தாள். முதலில் வருகிற கிழட்டுக் கடுவன் நவாபு. அதன் பின்னால் பதுங்கி நிற்பது பிரெஞ்சுக்காரன். “நவாபு மூஞ்சிக்கு நேரா வந்து புடுங்குவான். அவன வெரட்டிக்கினு இருக்கும்போது பிரெஞ்சுக்காரன் சைடுல கை வெப்பான். ரெண்டு பேரும் அடிச்சிக்கினு கெடக்கறப்ப தோ, அந்த வெள்ளக்காரன் வந்து கூடையோட தூக்கிக்கினு போயிடுவான்.” அரை மணி நேரம் கைடு சொல்கிற சரித்திரத்தை அவள் கொய்யாக்கூடையை வைத்தே முடித்துவிடுவாள்.

கோட்டையைக் கட்டியது யார் என்று யாராவது அவளிடம் கேட்டுவிட்டால் போதும். “கட்டுனவன் ஒருத்தன், பெரிசு பண்ணவன் ஒருத்தன், புடிச்சவங்க நாலு பேரு, கடசில அய்யோ இத்த வெச்சிக்கினு இன்னா பண்றதுன்னு உட்டுட்டுப் போனவன் ஒருத்தன். இப்ப கொரங்கு வெச்சிக்கினு இருக்குது. அது யாரையும் வெட்டல, குத்தல.”

மூன்று மலை, மூன்றையும் சேர்த்துக் கட்டின மதில், உள்ளே கல்யாண மகால், யானைக்குளம், நெற்களஞ்சியம், கோயில், மசூதி. பார்க்க ஒரு நாள் போதாது. உலகமே வந்து பார்க்க வேண்டிய இடம் என்று கோட்டைக்குப் பெரிய பெயர் கிடைத்த பிறகு கூட்டமும் கூடிவிட்டது. எதை முதலில் பார்ப்பது என்று வருகிறவர்கள் கேட்பார்கள். அக்காவின் பதில் எப்போதும் ஒன்றுதான்: “நெல்லு கொட்டி வெச்ச எடத்தப் பாருங்க. மிச்சம் எல்லாம் சண்டைக்குக் கட்டுனது. அது ஒண்ணுதான் சோத்துக்குக் கட்டுனது.”

மலை ஏறப் போகிறவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பிக் கணிப்பும் சொல்வாள். “டிரைவரே, அந்தத் தொப்பி போட்டவரு பாதிதான். அந்தம்மா உச்சிக்குப் போயிடும். அது ஊட்டுல கோச்சிக்கினு வந்திருக்குது, எறங்கவே மனசு வராது பாரு.” பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இத்தனை பேச்சு இருந்தாலும், எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும். ராணிக்கு.

எங்கள் பக்கத்து ஆள் இல்லாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இங்கே அம்மன் கோயில் தீமிதியை யாரும் ‘மிதிப்பது’ என்று பேச்சில் சொல்வதில்லை. ‘இறங்குவது’ என்றுதான் சொல்வோம். “உங்க ஊட்ல இந்த வருசம் யாரு எறங்கறாங்க?” என்று கேட்டால், யார் காப்புக் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மஞ்சள் துணி கட்டிக்கொண்டு ஒரு பக்கம் இறங்குவார்கள், நெருப்பில் நடந்து எதிர்ப்பக்கம் ஏறுவார்கள். அங்கே வெட்டி வைத்திருக்கிற பால்குழியில் கால் நனைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுவார்கள். ராணி கதையைச் சொல்லும்போதும் கைடு அதே சொல்லைத்தான் போடுவார்: “தீயில எறங்குனாங்க.” அக்கா பிடித்துக்கொண்டது அந்தச் சொல்லைத்தான்.

“நானே எறங்கியிருக்கேன் தம்பி, வயசுப் புள்ளையில. எங்கம்மா எறங்கற பக்கம் வந்து நிக்கவே மாட்டா. ஏறுற பக்கத்துல, ஆளுங்களை இடிச்சிக்கினு மொத ஆளா நிப்பா. எறங்குனவ ஏறணும். ஏறலைன்னா அதுக்குப் பேரு வேற. அத்த எறங்குனான்னு சொல்லாத.”

இன்னொரு நாள், கால் வலிக்க இறங்கி வந்த ஒரு கல்லூரிப் பையனுக்குக் காய் கீறிக்கொடுத்துக்கொண்டே சொன்னாள்: “மலைன்னா ஏறுனவன் எறங்கணும். தீன்னா எறங்குனவ ஏறணும். ரெண்டுல எது பாதியில நின்னாலும் எனக்கு ஆவாது.” அந்தப் பையன் அதைப் போனில் எழுதி வைத்துக்கொண்டான்.

உள்ளே, கோயிலைத் தாண்டிப் போனால் இரண்டு குளங்கள் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு பெரிய பாறை. அதன் தலையில் கிணறு மாதிரி ஒரு குழி. சாக வேண்டிய கைதிகளை அதில் இறக்கிவிட்டு, சோறு தண்ணீர் கொடுக்காமல் விட்டுவிடுவார்கள் என்று சொல்வது வழக்கம். அங்கே போய் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்த ஒரு குடும்பம் அக்காவிடம் படத்தைக் காட்டியது. “நல்லா வந்திருக்குது. பின்னாடி செத்தவனும் வந்திருப்பான், பெரிசு பண்ணிப் பாருங்க” என்றாள். அந்த வீட்டு அம்மா அந்த இடத்திலேயே படத்தை அழித்துவிட்டார்.

ராணி எரிந்த இடம் என்று சொல்வது அந்தக் குளத்தங்கரையைத்தான். புதுசாகக் கல்யாணமான பெண்களைக் கூட்டிக்கொண்டு சில மாமியார்கள் வருவார்கள். “ராணியம்மா எறங்குன எடம் எங்கம்மா இருக்குது? மருமக விழுந்து கும்பிடணும்” என்று கேட்பார்கள். கேட்பது அக்காவிடம்தான், வாசலில் உட்கார்ந்திருப்பது அவள்தானே. அக்கா எழுந்து நின்று, மிகுந்த மரியாதையோடு கையை நீட்டி வழி காட்டுவாள். “நேராப் போங்க. வளைஞ்சாப்பல பெரிய கட்டடம் ஒண்ணு வரும், உள்ள இருட்டா இருக்கும். அங்கதான்.”

அவள் காட்டியது நெற்களஞ்சியம்.

எத்தனை மருமகள்கள் அங்கே போய் வெறும் தரையில் விழுந்து எழுந்தார்களோ! ஒருமுறை காவலாளி வந்து சண்டை போட்டார். “யாரோ கற்பூரம் கொளுத்தி வெச்சிருக்காங்க, நீதான் அனுப்பிச்சியாமே?” அக்கா அசையவில்லை. “நெல்லு கொட்டுன எடத்துல கும்புட்டா வயிறு ரொம்பும். எரிஞ்ச எடத்துல கும்புட்டா இன்னா ரொம்பும்? நீ சொல்லு.” காவலாளி தலையில் அடித்துக்கொண்டு போனார். பேஜார் பிடித்த பொம்பளை என்று முணுமுணுத்தது எங்களுக்குக் கேட்டது. அக்கா அதற்கும் “பேஜாருதான், வாங்கிக்கினு வந்த வரம்” என்றாள்.

ராஜாவைத் தோற்கடித்த நவாபே ராணியின் சாவைக் கேட்டு மனசு கலங்கி, அவள் நினைவாக ராணிப்பேட்டை என்று ஊருக்குப் பெயர் வைத்தான் என்பார்கள். கைடு ஒருநாள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எப்போதும் சத்தம் போடுகிற அக்கா அன்றைக்குத் தாழ்ந்த குரலில்தான் பேசினாள். தனக்குத்தானே சொல்லிக்கொண்டது மாதிரி.

“இருவது வயசு இருக்குமா அதுக்கு? ஊருக்குப் பேரு வெக்கணுமான்னு அந்தப் பொண்ணக் கேட்டா இன்னா சொல்லியிருக்கும்? ரவ தண்ணி ஊத்துங்கடான்னு சொல்லியிருக்கும்.”

எனக்கு அன்றைக்குத்தான் இது ராணி சங்கதி மட்டும் இல்லை என்று பட்டது.

விஷயம் தெரிந்தது ஒரு மழை நாளில். சவாரி வந்தவர்கள் திருவண்ணாமலையில் தங்கிவிட்டார்கள். நான் காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். செஞ்சியில், கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அக்கா பஸ்ஸுக்கு நின்றாள். நிறுத்தினேன். “பின்னாடி குந்திக்கறேன், நனைஞ்சிக்கினு இருக்கேன்” என்றாள். “முன்னாடியே ஏறுக்கா, சீட்டு காஞ்சிடும்” என்றேன்.

முன் சீட்டில் உட்கார்ந்தால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டியதில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசலாம். அதனாலோ என்னவோ, நான் கேட்காமலேயே ஆரம்பித்தாள்.

“எந்தங்கச்சியக் கூட்டேரிப்பட்டுல குடுத்திருந்துது, தம்பி. அவ புருசன் அந்த ரோட்டுலயே லாரில அடிபட்டுப் போயிட்டான். நல்ல பையன். எடுத்துப் போட்டுட்டு நான் வந்துட்டேன். இவ போன் பண்ணா. ‘அக்கா, என்னியும் பாப்பாவையும் வந்து கூட்டிக்கினு போ’ன்னா. காரியம் ஆவற வரைக்கும் அந்த ஊட்டுப் படிய தாண்டக் கூடாது இல்ல? ‘காரியம் முடியட்டும்டி, மறுநாளே வண்டி வெச்சிக்கினு வர்றேன்’னேன்.”

வைப்பர் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

“காரியத்துக்கு மொத நாளு போன் வருது. போய்ப் பாத்தா முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரில கட்டுல்ல கெடக்கறா. உடம்பெல்லாம் துணி சுத்தி. புருசன் போன துக்கத்துல தானா தீயில எறங்கிட்டான்னு அவங்க ஊட்டுல சொல்றாங்க. நான் பாக்கல. எறங்குனாளோ, இன்னா நடந்துச்சோ, எனுக்குத் தெரியாது. ஆனா அப்புறம் அவ ஏறப் பாத்தா தம்பி. அத்த நான் என் கண்ணால பாத்தேன். நர்சம்மா வந்தா கேப்பா, ‘பொழச்சிக்குவனா?’ கூட்டற ஆயாவைக் கேப்பா, ‘பொழச்சிக்குவனா?’ பக்கத்துக் கட்டுலுக்காரியப் பாக்க வந்தவங்களைக் கூடக் கேப்பா. பாப்பா அப்ப பாலு மறக்காத புள்ள. அது துன்னுச்சா, யாருகிட்ட இருக்குதுன்னு கேட்டுக்கினே கெடந்தா. ஏற முடியல. கையக் குடுத்து தூக்கலாம்னா, புடிக்கறதுக்கு அவ ஒடம்புல ஒரு எடம் இல்ல.”

நான் வண்டியை ஓரங்கட்டட்டுமா என்று கேட்டேன். “வாணாம், ஓட்டு. ஓடிக்கினு இருக்கறப்பதான் சொல்ல முடியுது” என்றாள்.

அந்தப் பாப்பாவை அக்காதான் வளர்த்தாள். அக்காவின் புருஷன் முன்பே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டதால், வீட்டில் இருவர்தான். அதுவல்ல அவள் கவலை. கூட்டேரிப்பட்டில் தங்கச்சியின் மாமியார் வீட்டார் கொல்லையில் ஒரு மேடை கட்டி, கல் நட்டு, மஞ்சள் துணி சுற்றி, தங்கச்சியைச் சாமியாக்கி விட்டார்கள். வருஷா வருஷம் பூஜை. அன்றைக்குப் பெண்ணைப் பட்டுப்பாவாடை கட்டிக் கூட்டிக்கொண்டு போய் மேடைக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். பத்தினி பெற்ற பெண் என்று நரைத்த தலைகள் எல்லாம் அவள் காலில் விழும். செஞ்சி ராணி மாதிரி எங்கள் மருமகள் சிரித்துக்கொண்டே இறங்கினாள் என்று அந்த வீட்டில் கதையே கட்டியிருந்தார்கள்.

“பள்ளிக்கூடத்துல அது அம்மா அப்பா இல்லாத புள்ள. எங்கிட்ட வெள்ளரிக்காக்காரி ஊட்டுப் புள்ள. அங்க மட்டும் சாமி பொண்ணு. அதுக்கு எது புடிக்கும், நீ சொல்லு? பூசைக்குப் போய்ட்டு வந்தா நாலு நாளு தலைய நிமுத்திக்கினு நடக்கும். அதுகிட்ட இருக்கறது அது ஒண்ணுதான். அத்த நான் புடுங்கலாமா?” கண்ணாடியில் படிந்த ஆவியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். “புடுங்கலைன்னா அது இன்னா நெனச்சிக்கினு வளரும்? நம்மள உட்டுட்டு அம்மா சிரிச்சிக்கினே போயிட்டான்னு நெனைக்கும். எந்தங்கச்சி ஆஸ்பத்திரில அத்தனை பேரையும் கெஞ்சுனது இன்னாத்துக்கு?”

திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே இறக்கிவிட்டேன். கூடையைத் தோளில் தூக்கிவிட்டபோது பழைய குரல் திரும்பியிருந்தது. “டிரைவரே, சீட்ட நனைச்சிட்டேன்னு நாளைக்குத் திட்டாத. தொடச்சி உடு” என்று சொல்லிவிட்டு மழையில் ஜல்தி ஜல்தியாக நடந்தாள்.

அக்கா இப்போது கோட்டை வாசலில் இல்லை. புளியமரத்தடியில் வேறு ஒருவர் இளநீர் வண்டி போட்டிருக்கிறார். அவள் திண்டிவனத்தை விட்டே போய்விட்டாள் என்கிறார்கள். பெண்ணைக் கூட்டிக்கொண்டு தெற்கே எங்கோ மில் வேலைக்குப் போனதாக ஒருவர் சொன்னார், ஓசூர் பக்கம் என்று இன்னொருவர். நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது ஒரு பள்ளிக்கூடச் சுற்றுலா நாளில்.

திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு வேன் கேட்டார்கள். ஒன்று என்னுடையது. எட்டாம் வகுப்புப் பெண்கள். ஏறும்போதே ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் என் பக்கத்தில் வந்து, “மாமா, எங்க பெரிம்மா கடையாண்ட நிறுத்துங்க” என்றாள். முகத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிட்டது. அக்காவுக்கு அவள் வருவது முதலிலேயே தெரியும் போல. அன்றைக்கு அந்த ஆம்பளைச் சட்டை போடவில்லை, நல்ல புடவை கட்டியிருந்தாள். வேனிலிருந்து இறங்கின அத்தனை பிள்ளைகளுக்கும் காய் கீறிக் கொடுத்தாள்.

“உங்க பொண்ணாம்மா?” என்று டீச்சர் கேட்டார்.

“எந்தங்கச்சி பொண்ணுங்க. எம் பொண்ணுதான்.”

பிள்ளைகள் வரிசையில் நிற்கிற நேரத்தில் அக்கா கைடைத் தனியாகக் கூப்பிட்டாள். அவரோடு அவள் சண்டைதான் போட்டுப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் கையைப் பிடித்துக்கொண்டாள். “இன்னிக்கி ஒரு நாளு அந்தக் கதைய சொல்லாதய்யா. யானைக்குளம் காட்டு, பீரங்கி காட்டு, எது வேணா காட்டு. அது மட்டும் வாணாம்.”

கைடுக்கு ஏன் என்று தெரியாது. ஆனால் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரிக்கா, உடு” என்றார். வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். கல்யாண மகாலைக் காட்டினார், அத்தனை மாடிக்கும் தண்ணீர் எப்படி ஏறியது என்று சொன்னார். முற்றுகை போட்டவர்கள் ஏழெட்டு வருஷம் வெளியே கிடந்ததைச் சொன்னார். நான் குடிதண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். அக்காவும் பையில் கொஞ்சம் கொய்யாவைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சாக்கில் கூடவே வந்தாள்.

குளத்தங்கரைக்கு வந்ததும் டீச்சர்தான் கேட்டார். அவர்மேல் குற்றமில்லை, படித்துவிட்டு வந்திருந்தார். “சார், ராணி உடன்கட்டை ஏறினது இங்கதானே? பிள்ளைங்களுக்குச் சொல்லுங்களேன்.”

கைடு அக்காவைப் பார்த்தார். “ஆமாங்க மேடம். ராணி இங்க தீயில எறங்குனாங்க. அவ்ளோதான். வாங்க, வெயிலு ஏறுது, போலாம்.”

ரெட்டைச் சடைப் பெண் கையைத் தூக்கினாள்.

“டீச்சர், எங்கம்மாவும் அப்படித்தான் எறங்குனாங்க.”

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் “அப்படியா கண்ணு” என்றார். அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்: “எங்கம்மா சாமி, டீச்சர். சிரிச்சிக்கினே எறங்குனாங்களாம். அவங்களுக்கு யாரும் அழவே இல்ல. சாமிக்கு அழக் கூடாதுன்னு எங்கப்பாவப் பெத்த ஆயா சொல்லிட்டாங்க. குலவை போட்டுத்தான் எடுத்தாங்களாம். எங்க பெரிம்மாவக் கூட அழ உடலியாம்.”

பின்வரிசையில் ஒரு பெண் கை தட்டினாள். அவள் மட்டும்தான். இரண்டு தட்டு தட்டிவிட்டு, யாரும் சேராததால் நிறுத்திக்கொண்டாள்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். சத்தம் போடப் போகிறாள் என்று நினைத்துக் கைடு ஒதுங்கி நின்றார். அவள் டீச்சரிடம், “ரவ நேரம் புள்ளைய உடுங்கம்மா” என்று மட்டும் கேட்டாள். பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக் குளத்தோரமாகக் கூட்டிப் போனாள். நான் தண்ணீர் கேனோடு பக்கத்திலேயே நின்றதால் எல்லாம் காதில் விழுந்தது.

“உங்கம்மா சிரிக்கலம்மா.”

“ஆயா சொன்னாங்களே.”

“ஆயா ஆஸ்பத்திரிக்கு வரல. நான் கூடவே இருந்தேன். பொழச்சிக்குவனான்னு கேட்டுக்கினே இருந்தா. வர்றவங்க போறவங்க எல்லாரையும் கேட்டா. உன்னியக் கேட்டா.”

“என்னியவா? இன்னான்னு?”

“பாப்பா துன்னுச்சா, தூங்குச்சா, அழுவுதான்னு. உன்ன உட்டுட்டுப் போறேன்னு அவ வாயில ஒரு வாட்டி கூட வரல. எப்படியாச்சும் எழுந்து உங்கிட்ட வந்துடணும்னுதான் பாத்தா.”

பெண் குளத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தூரத்தில் பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் கொய்யா கடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப எங்கம்மா சாமி இல்லியா பெரிம்மா?”

“இல்லம்மா. உங்கம்மா. அவ்ளோதான்.”

பெண் சடையின் ரிப்பனை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். பிறகு மிகச் சின்னக் குரலில் கேட்டாள்.

“அப்ப... வலிச்சிச்சா?”

எந்தக் கைடுக்கும், எந்த மாமியாருக்கும் பதில் வைத்திருந்தவள் அக்கா. அந்த ஒரு கேள்வியை இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் கேட்டதில்லை போல.

“வலிச்சிச்சிம்மா” என்றாள். “ரொம்ப வலிச்சிச்சி.”

அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குத்தான் அம்மா செத்தாள். முகம் கோணிக்கொண்டது, எப்படி அழுவது என்று தெரியாத மாதிரி அக்காவையே பார்த்தாள்.

அக்கா கொய்யாப் பையைக் கீழே போட்டாள். குளத்தங்கரையில் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்தாள். பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, கோட்டை பார்க்க வந்த அத்தனை பேர் முன்னாலும் மார்பில் அடித்துக்கொண்டு, தங்கச்சியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள்.